ஏறும் புத்தகம், இறங்கும் புத்தகம்

முந்தின ராத்திரி சாப்பாட்டு மேசையில்
பட்டியல் போட்டேன். ஐந்து வேலை.
எந்த எழுத்து எந்த அலமாரியில், பார்.
மூன்று விலைகளைக் கூட்டு.
தெரியாத சொல் ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்.
கடைக்காரருக்கு நன்றி சொல்.
ஐந்தாவது நினைவில்லை,
அதன்மேல் தேநீர் சிந்திவிட்டது.

மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை.
மற்ற நாளெல்லாம் விஞ்ச் வண்டியின் டிக்கெட் கூண்டில்
மேலே போகிறவருக்கும் கீழே வருகிறவருக்கும்
ஒரே சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறவள்.
புத்தகக் கடைக்குப் போவதையே பாடமாக்கலாம் என்று
பல் டாக்டரின் வரவேற்பறைப் பழைய இதழில் படித்ததிலிருந்து
அந்தச் சனிக்கிழமைமேல் ஒரு கண்.

எவாரிஸ்தோவின் கடை வல்பராய்சோவில்
துறைமுகத்துக்கு மேலே மூன்றாவது வளைவில்.
நெளிதகரச் சுவர்; மழை வந்தால்
உள்ளே பேசுவது ஒருவருக்கும் கேட்காது.
அன்று மழை.
மில்லராய்க்கு வசதியாகப் போயிற்று.

"முதல் வேலை" என்றேன்.
நாலாயிரம் பெசோவைக் கையுறைக்குள் திணித்தபடி
தலையை இடது பக்கம் சாய்த்தாள்.
பிறகு வலது பக்கம்.
மறுபடி இடது.
காது வலியோ என்று தொட்டுப் பார்த்தேன்.

"அம்மா, இந்த அலமாரியில எல்லாம் ஏறுது.
அந்த அலமாரியில இறங்குது."

ஏழு வயது உளறல் என்றுதான் கிட்டே போனேன்.
எங்கள் ஸ்பானியப் புத்தகங்களின் முதுகில்
எழுத்து அடியிலிருந்து உச்சிக்கு ஏறுகிறது.
கப்பலேறி வந்த ஆங்கிலப் புத்தகங்களில்
உச்சியிலிருந்து அடிக்கு இறங்குகிறது.
ஒன்றைப் படிக்க இடது காது தோளைத் தொடவேண்டும்,
மற்றதற்கு வலது காது.

பதினோரு வருடமாக
ஒரு வண்டி ஏற ஒரு வண்டி இறங்குவதைப் பார்க்கிறேன்.
அதைவிட அதிக வருடமாகப் புத்தகங்களைப் பார்க்கிறேன்.
ஏன் இப்படி என்று எவாரிஸ்தோவைக் கேட்டேன்.
கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். கழற்றித் துடைத்தார்.
"முப்பது வருடமாக எனக்குக் கழுத்து வலி" என்றார்.
"இன்றைக்குத்தான் காரணம் தெரிகிறது."

அதற்குள் அவள் கட்சி பிரித்துக்கொண்டிருந்தாள்.
எங்கள் ஊர்ப் புத்தகங்கள் சில
வெட்கமில்லாமல் கட்சி மாறி இறங்கின.
தலைகீழாகச் செருகிய ஒன்று
இறங்குவதுபோல் நடித்துப் பிடிபட்டது;
திருப்பி வைத்ததும் ஒழுங்காக ஏறியது.
என் பட்டியலின் பின்பக்கம் கோடு கோடாகக் கணக்கு.
"நாப்பத்தொண்ணு ஏறுது, பதினேழு இறங்குது.
சமமா இருந்தாத்தானே வண்டி ஓடும்?
இன்னும் இருபத்துநாலு பேர் இறங்கணும்."

நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்திருந்தால் "சபாஷ், கழித்தல்" என்று சொல்லியிருப்பேன்,
அவள் நிறுத்தியிருப்பாள்.

வாங்கியது என்னவோ கதைப் புத்தகம் இல்லை.
முதுகே இல்லாத ஒன்று, இரண்டு கம்பி ஊசி குத்தியது:
எனக்குக் கல்யாணமான வருடத்தின்
கடல் ஏற்ற இறக்க அட்டவணை.
"அந்த வருஷம் முடிஞ்சு போச்சு" என்றேன்.
"அந்தக் கல்யாணமும்" என்று சொல்லவில்லை.
படம் போட்ட திமிங்கலப் புத்தகத்தை நீட்டினேன்,
விலையில் பாதி நான் தருகிறேன் என்றேன்,
கடைசியில் கோபித்தும் பார்த்தேன்.
"இது ரெண்டும் பண்ணுது" என்றாள்.
ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தாள்.
மீதியை எண்ணவில்லை.
நன்றியும் சொல்ல மறந்துவிட்டாள்;
எவாரிஸ்தோதான் அவளுக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை, கூண்டு.
மழைக்கோட்டுக்காரர் ஒருவர்,
அக்குளில் புத்தகம், முதுகு என் பக்கம்.
என்னையறியாமல் கழுத்து இடது பக்கம் போயிற்று.
அவருக்கு என்ன தோன்றியதோ,
சீட்டை வாங்கிக்கொண்டு
தானும் மெதுவாகச் சாய்த்தார்,
எதிர்ப்பக்கம்.