சுணை

கொரடாச்சேரிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையக் களத்தில்
இடம் போதாமல்
எதிரெதிரே நிறுத்திவிட்டார்கள்
இரண்டு தூற்றும் இயந்திரங்களை.
ஒன்று பெரியது, புதுசு.
மற்றது பெயின்ட் உரிந்த கிழடு.
கிழட்டுக்குத்தான் காற்று அதிகம்.

ரெண்டு காற்றும் முட்டிய இடத்தில்
எந்தப் பக்கமும் போகத் தெரியாமல்
நின்றது தூசி.
பிறகு அங்கேயே இறங்கிற்று,
முழங்கால் உயரத்தில்
கோணல் வரப்பு.

"எந்தப் புத்திசாலிய்யா இப்படி வெச்சது?"
சிப்பத்தை இறக்கிவிட்டு அம்பிகாபதி இருமினான்.
வைக்கச் சொன்னது நான்.
சிட்டையைத் திருப்பி
பின்பக்கத்தில் ஒரு நீள்வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்னம் என்கிற விண்மீன் கூட்டத்தில் ஒரு ஜோடி.
சூரியனைப் போல் முப்பது மடங்கு ஒன்று,
பத்து மடங்கு ஒன்று.
அங்கேயும் இளைத்ததற்குத்தான் மூச்சு பலம்.
எட்டு வருடத்துக்கு ஒருமுறை
கிட்டே வருகின்றன.
வந்திருக்கும் அந்தச் சில மாதம்
காற்றும் காற்றும் நசுங்கி
எதுவும் தங்கக்கூடாத அந்தக் கொதிப்பில்
கரி உண்டாகிறது.
விலகினால் நின்றுவிடும்.
உண்டானதை வெளிச்சமே
நெட்டித் தள்ளிக்கொண்டு போகும்,
ஒரு வளையமாக.
அப்புறம் எட்டு வருடம்.
அப்புறம் இன்னொன்று.

பதினேழு வரை எண்ணிவிட்டார்கள்.
பதினேழு.
ஈரமானியில் நான் நாளெல்லாம் பார்க்கும் எண்.
அதற்கு மேலே போனால்
நெல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும்,
ஆட்கள் என் முகத்தைப் பார்க்காமல்
தார்ப்பாயை மறுபடி விரிப்பார்கள்.

செங்கொடி முறத்தோடு வந்தாள்.
"தள்ளும்மா, மிதிக்கிற."
வரப்பை அள்ளி அள்ளிப் புடைத்தாள்.
கருக்காய் ரெண்டு படி,
நல்ல மணி ஒரு கைப்பிடி.
கோழிக்கு என்றாள், கேட்காமலே.

லாரி வரவில்லை.
மூட்டைக்குக் காவலாகப் படுத்தேன்.
கழுத்தில், முழங்கை மடிப்பில், சுணை.
ரெண்டு தரம் சோப்புப் போட்டும் போகாதது.
நாலு மணிக்குமேல்
வெண்ணாற்றங்கரைத் தென்னைகளுக்கு மேலே
அன்னம் ஏறிவந்தது.
அந்த ஜோடி வெறுங்கண்ணுக்குத் தெரியாது.
தெரியும் என்று வைத்துக்கொண்டு
சொறிந்தபடி
அந்தத் திக்கையே பார்த்துக் கிடந்தேன்.

காலையில் அம்பிகாபதி
யாரையும் கேட்காமல்
கிழட்டைத் திருப்பி வைத்திருந்தான்.
தூசி நேராக வாய்க்கால் பக்கம் போயிற்று.
களம் சுத்தமாக இருந்தது.

வெறும் முறத்தோடு நின்ற செங்கொடி
என்னைப் பார்த்த பார்வையை
எந்தப் பத்தியில் எழுதுவது என்று
சிட்டையில் இல்லை.