இரண்டாவது எழுத்து

உட்லண்ட்ஸ் ஆலையில் இரவு மூன்று மணி.
கேன்டீனில் மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தது.
பரிமளம் கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள்.
"உனக்குத்தான் இங்கிலீஷ் வரும்.
தம்பிக்குப் பொண்ணு கேட்டு நாலு வரி அடிச்சுக் குடு."

அடித்தேன்.
ஈசூனில் வீவக நாலறை வீடு, சொந்தம்.
மாப்பிள்ளை கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர்.
பெண் மெலிந்திருக்க வேண்டியதில்லை.
"அப்புறம் அந்த வார்த்தையப் போடு,
கற்புள்ள பொண்ணுன்னு சொல்ல ஒண்ணு இருக்குமே."
சேஸ்ட் என்றேன்.
"ஆங், அதேதான்."

ஆறு மணி நேரம் கையுறைக்குள் ஊறிய கட்டைவிரல்.
இரண்டாவது எழுத்து, அந்த ஹெச்,
திரையில் விழவே இல்லை.
கற்பு கேட்ட வரி
சாதி கேட்டு நின்றது.

பரிமளம் எட்டிப் பார்த்தாள்.
"அதுவும்தான். அடுத்த வரியில போடலாம்னு இருந்தேன்."

சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.
இடைவேளை முடியப் பதினொரு நிமிடம் இருந்தது,
என் கைப்பேசியில் அகராதியைத் திறந்தேன்.
லத்தீனில் காஸ்டுஸ், மாசற்ற என்று பொருள்.
அதற்கும் பின்னால், நிச்சயமில்லாமல் ஒரு வேர்: வெட்டு.
எதிலிருந்து வெட்டப்பட்டவள்?
குறையிலிருந்தா, கூட்டத்திலிருந்தா?
அகராதி சொல்லவில்லை.
அந்தச் சொல்தான் போர்ச்சுக்கீசியர் வாயில் காஸ்டா ஆகி
கப்பலேறி வந்து நம் கரையில் இறங்கி
நம்மை ஒரு பார்வை பார்த்துப் பெயர் வைத்ததாம்.
இல்லை, அது வேறு வேர் என்போரும் உண்டு.
இருக்கட்டும்.
தண்டிக்கிற சேஸ்டைஸ் அதே வீட்டுப் பிள்ளை,
அதில் யாருக்கும் வழக்கில்லை.

சேஸ்ட் தமிழ் பேசுகிறாள் என்று
உயர்நிலை இரண்டில் எனக்கொரு கோப்பை கொடுத்தார்கள்.
கோப்பையோடு வீடு வந்து நான் சொன்ன முதல் வாக்கியம்,
"பசிக்குது லா."

நோர்ஹயாத்தி மேசைக்கு அப்பாலிருந்து கேட்டாள்,
"சுச்சி மாதிரியா, எங்க மொழியில?"
அகாலப் பசியில் என் காதில் சுசியம் என்று விழுந்தது,
கடலைப்பருப்பும் வெல்லமும் உள்ளே வைத்துப் பொரித்தது.
ஆமாம் என்றுவிட்டேன்.

போகிற போக்கில் கற்புக்கும் வேர் தேடினேன்.
கல், என்றிருந்தது.
பாறை இல்லை.
பள்ளிக்கூடத்துக் கல். படி, பழகு, தெரிந்துகொள்.
இத்தனை பக்கத்திலா கிடந்தாய்.

உள்ளே போகுமுன் தலை முதல் கால் வரை வெள்ளை உடை.
பொட்டு கூடாது, பவுடர் கூடாது, எல்லாம் துகள்.
காற்றுக் குளியலில் கைகளைத் தூக்கிச் சுழன்றோம்.
மிஞ்சியது கண்கள்.
யார் எந்த வீட்டுப் பெண் என்று நடையை வைத்துத்தான் தெரியும்:
பரிமளத்துக்கு இடது கால் லேசாக இழுக்கும்.

இங்கே அழுக்கு என்பது நாங்கள்.
சும்மா நின்றாலும் உதிர்கிறோம்.
இவ்வளவு காபந்து பண்ணி வைத்த சிலிக்கானோ
தூய்மையாகவே விட்டால் எதற்கும் ஆகாது,
மின்சாரம் அதில் ஓட மனம் வைக்காது.
கொஞ்சம் போரான், கொஞ்சம் பாஸ்பரஸ்
அளந்து உள்ளே செலுத்துவது என் இயந்திரம்.
பயிற்சிக் கையேட்டில் அதற்கு மாசு என்றே பெயர்.
என் விவாகரத்து முடிந்த வருஷம்
இதைப் பரிமளத்திடம் சொல்ல வாயெடுத்தேன்.
முகமூடி இருந்தது.

ஏழேகாலுக்கு உடை மாற்றுமிடத்தில் கேட்டேன்,
அந்த எழுத்தைச் சேர்த்தாயா என்று.
"அப்பவே அனுப்பிட்டேன் லா, அப்படியே.
ஒரு எழுத்துதானே, யாரு பாக்கப்போறா."

உட்லண்ட்ஸ் ரயில் மேடையில் வெயில் ஏறியிருந்தது.
கையுறை முடிகிற இடத்தில் மணிக்கட்டில் அரிப்பு.
சொறிந்தேன். வெள்ளையாக ஒரு துளி தோல்.
ஊதிவிட்டேன்.
யார் மேல் போய் விழுந்ததோ.