கடல் எவ்வளவு தூரம்

தொலைபேசியில் அந்தப் பெண் முதலில் கேட்டது
அறை வாடகை அல்ல,
குளியலறைக் கதவின் அகலம்.

சான்ரிகு கடலோரத்தில்
ஒற்றைப் பெட்டி ரயில் நின்று போகும் ஊரில்
பதினாறு வருடமாக விடுதி நடத்துகிறேன்.
எத்தனை மீன் பொரித்தேன் என்று
சுமாராகச் சொல்லிவிடுவேன்.
கதவை அளந்ததில்லை.
"இருங்கள்" என்று சொல்லி
மகனின் பள்ளி அளவுகோலோடு மண்டியிட்டேன்.
அறுபத்தொன்று.
மறுமுனையில் ஒரு மூச்சு இறங்கியது.
"போதும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல்."

அப்புறம் கட்டிலின் உயரம்,
வாசல் மேடையின் உயரம்.
அது ஒரு முழம்.
பக்கத்து வீட்டு குவாபாரா
சிப்பித் தெப்பத்துப் பலகை இரண்டை இழைத்து
சரிவு போட்டுத் தந்தார்.
காசு வாங்கவில்லை; தானே இருமுறை
ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டார்.

கடைசிக் கேள்வி:
"கடல் எவ்வளவு தூரம்?"
"பக்கத்தில்தான்" என்றேன்.
எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆகஸ்ட்டில் வந்தார்கள்.
ஓட்டுநரே இறங்கி மடக்குப் பலகையை விரித்தார்.
முதலில் சக்கரங்கள், அதில் சிகுசா, பத்து வயது,
மடியில் எல்லோருடைய தொப்பியும்.
பின்னால் தம்பி கோஹெய்,
பலகை தனக்காகத்தான் என்று
மூன்று தடவை ஓடினான்.
ரயில் நான்கு நிமிடம் தாமதம்.
உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியே
அவன் ஓடுவதை எண்ணினார்கள்.

பக்கத்தில்தான் என்றேனே,
நடுவில் சுவர் இருக்கிறது.
பேரலைக்குப் பிறகு எழுப்பியது.
இந்தப் பக்கம் நாற்பத்தாறு படி.
சரிவுப்பாதை மீன்துறை முனையில்,
சுற்றிப் போனால் இருபது நிமிடம்.
நான் ஒருநாளும் அந்த வழி போனதில்லை.
அன்று போனேன், குடை பிடித்துக்கொண்டு,
ஒரு வார்த்தை பேசாமல்.

மணலில் நீலப் பாயை உருட்டி விரித்தோம்.
பாய் முடிந்துவிட்டது.
கடல் முடிந்த இடத்தில் இல்லை;
வற்றிப் பின்வாங்கி, பாசிக்கு அப்பால்,
யாரையும் கூப்பிடாமல் கிடந்தது.

அப்பா தோமோனரி குனிந்தார், இரண்டு கையும் நீட்டி.
"தூக்காதீங்க. நான் மூட்டை இல்லை."
கை நின்றது. பிறகு சட்டையைச் சரிசெய்தது.
"அது வருமில்ல?" என்று என்னைக் கேட்டாள்.
வரும், ஆனால் மூன்று மணி நேரமாகும் என்றேன்.
"சரி" என்று பிரேக்கைப் போட்டாள்.

சோற்று உருண்டை தின்றோம்.
கோஹெய் நீர் தொட்ட இடத்தில் குச்சி நட்டான்,
நீர் குச்சியைத் தாண்டியதும் பிடுங்கி மேலே நட்டான்.
ஒரு நண்டு பாய்மேல் ஏறி,
பிடிக்காமல் இறங்கியது.
அத்தனை கேள்வி கேட்ட அம்மா
கேட்க ஒன்றுமில்லாமல் தூங்கிப் போனாள், வாய் திறந்து.
இரவுச் சமையலுக்கு நான் போயிருக்க வேண்டும்.

முதலில் நுரை.
வந்து, பாயின் ஓரத்தை முகர்ந்து, திரும்பியது.
அடுத்தது வரவில்லை.
அதற்கடுத்தது
சக்கரத்தின் கம்பிகளுக்குள் புகுந்து வெளியேறியது.

"அக்கா, கால் நனைஞ்சிருச்சு!"
சிகுசா குனிந்து பார்த்தாள்.
"எனக்குத் தெரியலையே" என்றாள்
இன்று செவ்வாய்க்கிழமை என்பதுபோல.
கையை இறக்கினாள், மணிக்கட்டுவரை.
வெகுநேரம் எடுக்கவில்லை.
பிறகு விரலை நக்கி,
"உப்பு ஜாஸ்தி" என்று
என்னைப் பார்த்தாள்,
சமைத்தது நான்தான் என்பதுபோல.

அன்றிரவு சாப்பாடு ஒன்பது மணிக்கு.
குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது.
தோமோனரி முற்றத்தில் உட்கார்ந்து
பழைய பல்துலக்கியால்
சக்கரத்தின் உப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் வேறொருவர் கூப்பிட்டார்.
கதவு அறுபத்தொன்று, வாசலில் சரிவு உண்டு,
சுவரைச் சுற்ற இருபது நிமிடம்,
மளமளவென்று சொன்னேன்.
"கடல் எவ்வளவு தூரம்?" என்றார்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.