கால் அங்குலம் = ஓர் அடி

கோத்தகிரியின் பழைய தபால் ஆபீஸை
இடிக்கலாமா என்று எழுதித் தருவது என் வேலை.
பீரோவின் அடித்தட்டில் கிடந்தது படம்:
டிரேசிங் துணி, கறுப்பு மை, குறுக்குவெட்டு.
மூலையில், வரைந்தவர் ஜெ. பெள்ளி.

சுவருக்குள் சாய்கோடுகள்,
ஒன்றும் இன்னொன்றை முட்டவில்லை.
உத்தரம், ஓடு, தகரத் தூம்பு, எல்லாம் சரி.
தூம்பின் வாயிலிருந்து மட்டும்
மயிரிழையாய் ஒரு வளைகோடு
கீழ்ப்படியின் வலது ஓரத்துக்கு இறங்குகிறது.
குறிப்பு இல்லை. அளவு இல்லை.
எந்த மேஸ்திரிக்கும் வேண்டாத கோடு.

பேனா வழுக்கியிருக்கும் சார்
என்றார் காண்டிராக்டர் சகாயராஜ்.
வழுக்கிய பேனா இப்படி இளைக்காது.
புறப்படும்போது பருத்து,
விழ விழ மெலிந்து,
கல்லைத் தொடுமுன் புள்ளி புள்ளியாகி...

ஐப்பசி. நேரில் போனேன்.
தூம்பு என்றைக்கோ துருவேறி விழுந்திருந்தது.
கீழ்ப்படியின் வலது ஓரத்தில்
கருங்கல்லில் ஒரு குழி,
ரெண்டு விரல் ஆழம்.
டேப் பிடித்தேன். அரை அங்குலம் பிசகு,
அதுவும் என் கை நடுக்கமாயிருக்கலாம்.

கல் வண்டி மலையேறாத நாளிலேயே
இந்தக் குழிக்கு இடம் விட்டிருக்கிறார்.
பெள்ளி மழையைத்தான் வரைந்திருக்கிறார்.
அது இறங்கிவர
ஒரு கூரை தேவைப்பட்டிருக்கிறது.

சகாயராஜ் குடையை என் பக்கம் சாய்த்தார்.
அறிக்கையில் இதற்குக் கட்டம் கிடையாது.
'இதர' என்ற வரியில்
குழி, ஒன்று என்று எழுதினேன்.
ஜெல் மை.
நனைந்த 'ஒன்று'
தாளின் ஓரம் பார்த்து
மெல்ல இறங்கத் தொடங்கியது.