நொறுக்கல்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
பரண்மேல் கிடந்தாய்.
நிறுத்தபோது மூன்று கிலோ நானூறு.
முட்டை நொறுக்கலில்
முட்டையை மட்டும் நக்கியெடுக்குமாம்.
ஞாயிறானால் கோழித்தோல்.
"வயித்துக்குக் குறை வெச்சதில்ல சார்."
ஜீப்புக்குப் பின்னாலேயே வந்தார் சித்தேஸ்வரன்.

உடும்புப் பிடி என்கிறார்கள்.
ஏற்காட்டு அடிவாரத்து மீட்புக் கூண்டில் நீ
சுவரில் நாலடி ஏறி
ஈரத்துணியாகச் சரிந்தாய்.

அன்றிலிருந்து உன் தீனிக் கணக்கு என் கையில்.
வாரம் ஓர் எலி, எலும்பும் குடலுமாக.
கிடைத்தால் வயல் நண்டு.
மற்ற நாளெல்லாம் தண்ணீர், வெயில்,
என்மேல் உனக்குக் கோபம்.
போன வாரம் இரண்டு எழுநூறு.
வாலடி மட்டும் இன்னும் பெருத்தபடி.

நேற்று மழையில் வந்தார் அவர்,
ஊறுகாய் பாட்டில் நிறைய நத்தை.
காபித் தோட்டத்து நத்தை ஆகாது,
மருந்தடிப்பார்கள் என்றேன்.
"ஓடைக்கரைல பொறுக்கினது சார்,
பதினெட்டாவது கொண்டை ஊசிக்கு மேல."
வெளியாள் தீனி வாங்கக் கூடாது.
வாங்கினேன்.

ஓட்டோடு கடித்தாய்.
கம்பிக்கு அந்தப்பக்கம்
தலைசாய்த்துக் கேட்டவர்
மெல்லச் சொன்னார்:
"அதே சத்தம் சார்."