பூங்காவனத்தின் கம்ப்யூட்டர்

காந்தி ரோட்டுப் பின்சந்து லாட்ஜில்
கல்லாவுக்கு அடியில் முட்டிபோட்டிருக்கிறேன்.
மே மாதம். ஃபேன் சுற்றுவது
வேலூர் வெயிலை எல்லாருக்கும் சமமாகப் பங்குவைக்க.

கேமரா பெட்டியைப் பொருத்திய வாலாஜாக்காரன்
192.168.1 என்று வரிசை வைத்துவிட்டுப் போனான்,
தொட்டால் வாரண்டி போகுமாம்.
பில் பிரிண்டர் பழைய முதலாளி காலத்தது,
10.0.0-இல் குந்தியிருக்கிறது,
அதன் பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது.
விரல் வைக்கும் கதவு 172.16-இல்.
மூன்றும் ஒரே சுவிட்சில் தோள் உரசி நிற்கின்றன,
இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கேமரா மட்டும்.

"இன்னாம்மா, இன்னும் ரெண்டு கார்டு வாங்கணுமா?"
பூங்காவனம் துட்டுக் கணக்கில் இறங்குகிறார்.
இருப்பதோ ஒரே ஒரு துளை,
அதிலும் கொக்கி உடைந்த வயர்,
ஆடாமலிருக்கக் குடியாத்தம் தீப்பெட்டி அட்டை.

வேண்டாம் என்கிறேன்.
ஒரு கார்டுக்கே மூன்று விலாசம் எழுதலாம்.
ஒன்றுதான்:
தானாக வந்து விழும் விலாசத்தை
முதலில் விட்டுவிட வேண்டும்.

கேட்டாரோ என்னவோ.
வாசலில் இறங்கிய குடும்பத்தை "ஆஷுன், ஆஷுன்" என்கிறார்,
அதே மூச்சில் சித்தூர்க்காரருக்குத் தெலுங்கில் வாடகை பாக்கி,
பக்கெட் தேடும் பையனுக்கு நம்ம ஊர்த் திட்டு.
வெற்றிலைச் சிவப்பு மாறவேயில்லை.

சேர். சரி. சேர். சரி.
பிங்.
பிரிண்டர் பதில் சொன்னது.
கதவு சொல்லவில்லை.
மாஸ்க்கில் ஓர் எண் தப்பு, என் தப்புதான்.
திருத்தியதும் முதல் மாடியில் எங்கோ
டிக்.

மால்டாவிலிருந்து வந்தவள் லெட்ஜர் எழுதுகிறாள்.
ஷெஃபாலி மண்டல்.
நிரந்தர விலாசம் என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது.
வீட்டைப் போன மழையில் கங்கை தின்றுவிட்டதாம்.
பூங்காவனம் எனக்குச் சொல்லிவிட்டு
அவளையே பார்க்கிறார்.
பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்,
ஆறு வீட்டைத் தின்னுமா என்று
என்னிடம்தான் கேட்கிறார்.
பிறகு லெட்ஜரை இழுத்து
இரண்டு கட்டத்திலும் லாட்ஜ் விலாசத்தையே எழுதுகிறார்.
ரசீது, இன்று முதல்முறையாக,
எழுந்துபோகாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து அடிக்கிறார்.

"விலாசம் எத்தனை வேணா வைங்கண்ணா,
கேட்வே மட்டும் ஒண்ணுதான் வைக்கணும்.
ரெண்டு வச்சா
வெளியே போறது வழி தெரியாம முழிக்கும்."

"கேட்டு நமக்கும் ஒண்ணுதாம்மா.
ராவு பத்து மணிக்குப் பூட்டிடுவேன்,
யாரா இருந்தாலும்."

அவள் பக்கம் திரும்பி
அதையே வங்காளத்தில் சொன்னார்.
எனக்கு அந்த மொழியில் எண்கள் மட்டும் தெரியும்.
அவர் சொன்னது பத்து இல்லை,
பதினொன்று.