முழுவட்டம்

முகப்பை மட்டும் வரைந்த காலம் எளிது.
பதினாறு மாடி, கண்ணாடி, வாசலில் இரண்டு சைப்ரஸ்;
கேமராவின் முதுகுப்புறம் வெறும் சாம்பல்,
யார் கேட்டார்கள்?

இப்போது ஜுராபுக்கு முழுவட்டம் வேண்டும்.
வீடு வாங்க வருகிறவர் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு
எந்தப் பக்கமும் திரும்புவாராம்.

ஆகவே திபிலீசியின் அந்தத் தெருவில் நின்று
எதிர்வரிசையைப் படமெடுத்து வந்தேன்:
தகரம் அடைத்த பால்கனிகள்,
லாடாவை விடப் பெரிய பூட்டுப் போட்ட கராஜ்,
மூன்றாம் மாடிக் கொடியில் ஒரு பச்சைப் போர்வை.

சூரியனுக்குத் தேதி கேட்டது மென்பொருள்.
பிப்ரவரி, பிற்பகல் மூன்று என்று இட்டேன்.
சும்மாதான்; அன்று பிப்ரவரி.
இரவெல்லாம் மின்விசிறி இரைய
கணினி வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தது.
காலையில் பார்த்தால்
எங்கள் பதினாறு மாடியும் தெருவைத் தாண்டிப் படுத்து
அந்தப் போர்வையைக் காயவிடாமல் கிடந்தது.

"ஜூன் வை. காலை பதினொன்று."
வைத்தேன்.
நிழல் வாலைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குள் போயிற்று.
"எதிரே மரம் நடு."
நட்டேன். லிண்டன். இலை அடர்த்தி நூற்றுக்கு எண்பது.

மக்வாலா என்று ஒரு பெண்மணி வந்தார்,
முன்பணத்தோடு.
கருவியை மாட்டியதும்
கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.
பிறகு மெல்லத் திரும்பினார்,
திரும்பி, அங்கேயே நின்றார்.

"அது என்ன, இலைகளுக்கு நடுவே?"

"இலைதான்," என்றார் ஜுராப்.

கழுத்து அசையவில்லை.
நான் அந்த மீதி இருபதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.